ஹாரன் அடித்தால் தண்ணீர்

அந்த வண்டிக்குள் நான் முதல் தடவை கால் வைத்தபோது தரையில் ரத்தம் இன்னும் காயவில்லை. டிரைவரின் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம். உள்ளே விளக்கு எரியவில்லை என்று வண்டிச் சொந்தக்காரர் அண்ணாச்சி அவரை ஸ்பானரால் அடித்திருந்தார். டிரைவர் வண்டிப் படியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"வாரும். உள்ள போயி லைட்டப் பாரும்" என்றார் துண்டுக்குள்ளிருந்தே. "எரியலன்னா அடுத்த மூக்கு உம்ம மூக்குதான்."

நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு காண்ட்ராக்டரிடம் சுவர் கொத்தப் போனவன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை செய்வேன். அணைத்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். வேலை முடிந்து பாதி ரோடு வந்தபின் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் இன்னொரு தடவை பார்ப்பேன். ஊரில் அதற்காகவே என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு, அதற்காகவே திட்டியவர்களும் உண்டு. அப்படிப்பட்டவனை ஒரு கொலைப்பகைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது அந்த வண்டி.

அண்ணாச்சிக்கு உப்பளம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருந்தது. அவருடைய பாத்திகளுக்கும் அவர் மனைவியின் தம்பியின் பாத்திகளுக்கும் கடல்தண்ணீர் கொண்டுவர ஒரே வாய்க்கால். மதகுப் பலகையை யார் முதலில் தூக்குவது என்று வருஷா வருஷம் சண்டை. ஒரு வருஷம் அந்தச் சண்டையில் அண்ணாச்சி மண்வெட்டியை வீச, அது மச்சினனின் மகன் முகத்தில் விழுந்து வலது கண் போயிற்று. பையனுக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ. அண்ணாச்சியின் மனைவி அன்றைக்கே பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "கண்ணுக்குத் தலை" என்று மச்சினன் கடைத்தெருவில் வைத்துச் சொன்னான். வெறும் பேச்சு என்று யாரும் நினைக்கவில்லை. அண்ணாச்சியும் நினைக்கவில்லை.

அதனால்தான் அவருக்கு வண்டி தேவைப்பட்டது. வீட்டில் படுத்தால் வெட்டுவார்கள். ஒரே இடத்தில் இரண்டு நாள் இருந்தாலும் வெட்டுவார்கள். யாரோ வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்தே ரோட்டு வழியாக ஓட்டிவந்த வண்டி அது. இலங்கைக்குக் கொண்டுபோக முடியாமல் துறைமுகத்தில் விட்டுப் போனதைக் கஸ்டம்ஸ்காரர்கள் ஏலம் போட்டார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, துணி அலமாரி, மூலையில் மூடி போட்ட கக்கூஸ். ஏலத்தில் அண்ணாச்சிக்கு எதிராகக் கேட்ட ஒரு இரும்புக்கடைக்காரரை அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதியதாகச் சொல்வார்கள். அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை. ஊர் அதற்குக் "கக்கூஸ் வண்டி" என்று பெயர் வைத்தது. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு விளக்கு ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. வண்டியில் இரண்டு பேட்டரி. ஒன்று இஞ்சினுக்கு, மற்றது உள்ளே விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும். நடுவில் ஒரு சின்னத் தகரப்பெட்டி. இஞ்சின் ஓடும்போது அது இரண்டையும் சேர்த்து வைக்கும், நின்றதும் பிரித்துவிடும். அந்தப் பெட்டி உப்பில் இறுகிப் போனதும் டிரைவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டையும் ஒரே வயரால் கட்டியிருந்தார். அண்ணாச்சி இரவெல்லாம் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குவார். விடிந்தால் இரண்டு பேட்டரியும் செத்துக் கிடக்கும். பீஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது பீஸ் வைத்தேன்.

எனக்கும் ஒரு அடி கிடைத்தது. எங்கள் வீட்டு வயரிங்கில் சிவப்பு கரண்டு வரும் பேஸ், கறுப்பு அது திரும்பிப் போகும் நியூட்ரல். அந்த நம்பிக்கையில் ஒரு கறுப்பு வயரை எடுத்து வண்டியின் உடம்போடு சேர்த்து முறுக்கினேன். படீரென்று பொறி பறந்து, வயர் புகைந்து, என் கட்டைவிரல் வெந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கறுப்புதான் கரண்டு வரும் வயராம். உடம்புக்குப் போவது பழுப்பு. அண்ணாச்சி பின்னால் நின்றிருக்கிறார். பிடரியில் விழுந்தது.

"ஏலே, உன்னைய லைட் போடக் கூப்பிட்டேனா, எனக்குக் கொள்ளி போடக் கூப்பிட்டேனா?"

அதற்கப்புறம் ஒவ்வொரு வயரையும் நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிக்கொண்டே போய்த்தான் தொட்டேன். அப்படித்தான் அந்த வண்டி எனக்குப் புரிந்தது. வீட்டில் கரண்டு போக ஒரு வயர், வர ஒரு வயர். இதில் போவதற்கு மட்டும்தான் வயர். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. வேறு ஊரில் இது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். உப்பளத்துக் காற்றில் உடம்பு துருப்பிடிக்கும். துரு ஏறினால் வழி அடைபடும். விளக்கு மஞ்சளாக மங்கி, ஒருநாள் நின்றே போகும். நான் ஒவ்வொரு திருகையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வாஸலின் தடவித் திரும்ப மாட்டினேன். பேட்டரி முனைகளில் பூக்கிற பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவினேன். வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள். நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை போனேன். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பாவிட்டால் அண்ணாச்சி உயிரோடு இருக்கமாட்டார். அந்தச் சமயத்தில் நான் உள்ளே இருந்தால் நானும் இருக்கமாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம்தான். சொல்லவும் பயம், போகவும் பயம்.

என் மனைவி கேட்பாள்: "அந்த வண்டிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நான் தாலிய எத்தன தடவ தொட்டுப் பாக்கேன் தெரியுமா? ஒங்களுக்கு மட்டுந்தான் பயமா?"

அடுத்து தண்ணீர். வண்டிக்குள் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த தொட்டி சின்னது. அண்ணாச்சி துறைமுகத்திலிருந்து இரண்டு எண்ணெய் டிரம்களை வாங்கி, சலவைக்காரம் போட்டுக் கழுவி, பின்பக்கம் நிறுத்தச் சொன்னார். ஒன்றில் நல்ல தண்ணீர். ஊருக்கு மேற்கே பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து டிரைவர் தினமும் விடியுமுன் நிரப்பிக்கொண்டு வருவார். இன்னொன்றில் பாத்தித் தண்ணீரை ஊற்றச் சொன்னார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, உப்புத்தண்ணி பம்ப அரிச்சிரும். குழாயவும் தின்னுரும்."

"கை கழுவ நல்ல தண்ணியா? குண்டி கழுவ நல்ல தண்ணியா? ஏலே, எங்கப்பா காலம் முழுக்க பாத்தித் தண்ணியிலதான் கை கழுவுனாரு. அவர அரிச்சிதா?"

தூத்துக்குடிக்காரன் எவனும் இதற்குப் பதில் சொல்லமாட்டான். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கழுவத் தண்ணீரா? வெள்ளைக்காரர்களின் மின்சார பம்பு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. உள்ளே வெள்ளையாகப் பூத்து, கிறீச்சென்று கத்தி நின்றது. அதற்கும் ஒரு அடி, இந்தத் தடவை டிரைவருக்கு. நான் பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரம்களை உயரத்தில் ஏற்றித் தண்ணீர் தானாக இறங்கும்படி செய்தேன். நல்ல தண்ணீர்க் குழாயை வண்டிக்கு வெளியே கொண்டுவந்தேன். டிரம்மின் அடியில் துருவும் சகதியும் தங்கும் என்பதால் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தேன். உப்புத்தண்ணீர்க் குழாய் உள்ளே கை கழுவும் தொட்டிக்கு. மாற்றிக் குடித்துவிடக் கூடாதே என்று அதன் தலையில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

குழாய்களைச் சாக்குநூல் சுற்றி, வெள்ளை ஈயம் தடவி இறுக்கினேன். ஆனால் தொட்டியின் கீழே கழிவுத் தண்ணீர் போகும் இணைப்பு மட்டும் எனக்கு அடங்கவே இல்லை. அந்த ஊர் அளவு வேறு, நம் ஊர் அளவு வேறு. எத்தனை தடவை சுற்றினாலும் மறுநாள் சொட்டும். அது சொட்டுகிற இடத்தில்தான் ஹாரன் வயர் போயிற்று.

ஹாரன் கதையைச் சொல்லவேண்டும். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு வண்டி வந்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர் என்று ஒன்று ஒழுங்காகக் கிடைத்தது. அதற்கு முன் அவரவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவருவது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அண்ணாச்சி இரக்கத்தில் கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் இருக்கும் பாத்தியில் ஆள் நிற்கும், அவ்வளவுதான். வண்டி தினம் ஒரு வரப்பில் நிற்கும். எங்கே நிற்கிறது என்று யாருக்கும் முன்னாலே தெரியாது. அதனால் ஹாரன் அடிப்பார்கள். ஹாரன் அடித்தால் தண்ணீர். பெண்கள் உப்பு இழுக்கிற நீளக்கம்பு வாருபலகையைப் பிடித்த கையோடு, மற்ற கையில் தூக்குவாளியும் தகர டின்னும் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே ஓடிவருவார்கள். டிரம்மில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டால் கடைசியில் வருகிறவளுக்குக் கிடையாது.

கட்டிலில் படுத்தபடியே ஹாரன் அடிக்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்றார் அண்ணாச்சி. அந்த வண்டியின் ஹாரனுக்குக் கரண்டு எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அதன் மறு வயர் இரும்பு உடம்பைத் தொட்டால் போதும், அலறும். அந்த வயரில் ஒரு கிளை எடுத்து, தொட்டிக்குக் கீழாகக் கொண்டுபோய், கட்டில் பக்கத்தில் ஒரு காலிங்பெல் சுவிட்ச் வைத்தேன். தொட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி வயரின் ரப்பரைத் தின்றது. செம்பு வெளியே வந்து தகரத்தில் உராயும்போதெல்லாம் ஹாரன் தானாக அலறும். பெண்கள் ஓடிவருவார்கள். தண்ணீர் இருக்காது. அவர்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குகிற ஒரு அக்கா உண்டு. ஒல்லியாக, கைகால் எல்லாம் உப்பு வெடித்து இருப்பாள். அவள் வாயில் விழுந்து எழும்புவது என் வழக்கமாயிற்று.

"ஏலே வயர்மேனு, கொள்ளையில போவான், ஒன் பீப்பீய ஒடைச்சி அடுப்புல வைக்க! இது மூணாந்தடவ."

"சரி பண்ணிருதேங்க்கா. பொய்யா அடிச்சா வராதீங்க."

"வராம? அது பொய்யா நெசமான்னு வந்து பாத்தாத்தான தெரியும், மூதி? நாக்கு வறண்டு கெடக்கவளுக்கு அதக் கேட்டுட்டு நிக்க முடியுமா?"

எனக்கு இன்னொரு கவலை கேஸ். அடுப்புக்கென்று வெள்ளைக்காரர்கள் வைத்த சிலிண்டர் ஒன்று, வண்டியின் வெளிப்பக்கம் தகரக்கதவுக்குள் இருந்தது. எங்கள் தெருவில் அப்போது கேஸ் அடுப்பைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. அண்ணாச்சி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான் டீ போட்டார். ஆனாலும் அதைக் கழற்ற விடவில்லை. "பாரின் சாமான். கெடக்கட்டும்." துறைமுகத்தில் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்: இந்த கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தரையில் தேங்கும், ஒரு பொறி போதும். அன்றிலிருந்து வண்டிக்குள் நுழைந்தால் முதலில் குனிந்து தரையை மோந்து பார்ப்பேன். டிரைவர் சிரிப்பார். "நாய் மாரி என்னவே மோக்கேரு?"

சித்திரை வெயில். உப்பு வெள்ளை கண்ணைக் குத்தியது. சோற்றுக்குப் பிந்திய நேரம்; பெண்கள் தூரத்தில் உப்பு அம்பாரத்தை ஓலையால் மூடிக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். சுவிட்சிலிருந்து ஹாரன் வயரைக் கழற்றி, தண்ணீர் படாத வேறு வழியில் கொண்டுபோவதற்காகப் புது வயரைச் சேர்த்திருந்தேன். என் முகத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் இரண்டு கால்கள். அவர் தொட்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். டிரைவர் டீ வாங்கி வருவதாகச் சைக்கிளில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் மூக்கு அதற்குள் இரண்டாம் தடவையும் உடைந்து கோணலாகியிருந்தது. வண்டிச் சாவி அவர் பையில்.

"எங்கலே போனான் இவன்?" என்றார் அண்ணாச்சி. கேட்டு முடிக்கவில்லை, ஜன்னல் கண்ணாடி வெடித்துத் தொட்டிக்குள் கொட்டியது.

"நல்லா மழிச்சுக்கிடுங்க அத்தான்" என்றது வெளியே மச்சினனின் குரல், சாவதானமாக. "பாடையில கெடத்தும்போது மொகம் பளபளன்னு இருக்கணும்லா."

மூன்று பேர். அவர்களுடைய கால்களைத்தான் தரைப்பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு எட்டில் கதவுத் தாழ்ப்பாள்களைப் போட்டார். ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைத் தேடியது. அண்ணாச்சி சவரக்கத்தியை அந்தக் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இழுத்தார். அப்படி ஒரு சத்தத்தை நான் மனிதனிடம் கேட்டதில்லை. கை வெளியே பின்வாங்கியது. அடுத்த நொடி அரிவாள் வந்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்த அண்ணாச்சியின் இடது கையில் இறங்கி, சட்டத்தில் சிக்கி, ஆட்டிப் பிடுங்கப்பட்டது. ஏதோ இரண்டு துண்டு தொட்டியின் தகரத்தில் டொக் டொக்கென்று விழுந்தது.

நான் அடைக்க முடியாத அந்த இணைப்பு வழியாக என் நெற்றியில் சொட்டியது. சூடாக இருந்தது. கண்ணில் வழிந்தபோது சிவப்பாகத் தெரிந்தது.

"வெளிய வாரியா, நாங்க உள்ள வரவா?" என்று கத்தினான் மச்சினன். "எம்பிள்ள கண்ணு எங்க? கண்ணக் குடுத்துட்டு தலைய எடுத்துட்டுப் போ!"

"வாலே! ஒருத்தனா வாலே!" என்று அண்ணாச்சி ஊளையிட்டார். கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார். குனிந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அரிவாளைவிடப் பயந்தேன். "நீதான் எடத்தச் சொன்னியா? நீயா, அவனா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கதவு பெயராததில் அவர்களுக்கு வெறி ஏறியது. வண்டியில் வெளியே தெரிகிற எல்லாவற்றையும் வெட்டத் தொடங்கினார்கள். டயரை வெட்டினார்கள். நல்ல தண்ணீர்க் குழாயை ஒரே வெட்டில் துண்டித்தார்கள். தண்ணீர் பீறிட்டு மண்ணில் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு தகரக்கதவைப் பெயர்த்தார்கள். ரப்பர்க் குழாயை வெட்டினார்கள். உஸ்ஸென்று பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பலகை இடுக்கு வழியாக அந்த வாடை என் மூக்கில் ஏறியது.

"ஓல எடுத்துட்டு வாங்கலே" என்றான் மச்சினன். "பூட்டிக்கிட்டா இருக்காரு? வண்டியோட பொசுக்குவோம்."

ஒருவன் அம்பாரத்தை நோக்கி ஓடினான். நான் படுத்திருந்த இடம்தான் கேஸ் தேங்குகிற இடம். கையில் ஹாரன் வயரின் மொட்டை நுனி. எந்த இரும்பில் தொட்டாலும் அலறும். தொடுகிற இடத்தில் கட்டாயம் ஒரு பொறி தெறிக்கும். இங்கே தொட்டால் நாங்களே எங்களைக் கொளுத்திக்கொண்ட மாதிரி. தொடாவிட்டால் ஓலை வரும். நான் ரத்தத்தில் வழுக்கி எழுந்து, வயரை இழுத்துக்கொண்டே கட்டில்மேல் ஏறினேன். கூரையில் காற்றுக்காக வைத்த மூடி திறந்திருந்தது. வயர் நீளம் போதுமா என்று அதற்கும் ஒரு பயம். சேர்த்த புது வயர் இழுத்த இழுப்புக்கு வந்தது. தலையையும் கையையும் வெளியே நீட்டி, கடல்காற்றில், கூரைத் தகரத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தில் அழுத்தினேன். பொறி தெறித்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹாரன் அலறியது. நான் கையை எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வரப்பு முழுக்கப் பெண்கள். யாரும் எங்களைக் காப்பாற்ற வரவில்லை. தூக்குவாளியும் தகரமும் வாருபலகையும் ஆட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு தண்ணீருக்கு ஓடிவந்தார்கள். ஓலையோடு திரும்பியவனை அவர்கள் வழியில் கடந்தார்கள். யாரோ என்று விட்டுவிட்டார்கள். அரிவாளைக்கூட அவர்கள் முதலில் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட குழாயிலிருந்து நல்ல தண்ணீர் உப்பு மண்ணில் ஓடி, பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தார்கள். முன்னால் வந்த அக்கா நின்றாள். தூக்குவாளி கையிலிருந்து விழுந்தது.

"தண்ணியையா வெட்டுனிய?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு கத்தினாள். "ஏலே, குடிக்க தண்ணியையா வெட்டுனிய?"

"ஏளா, விலகிப் போ. இது எங்க குடும்ப வெவகாரம்" என்றான் மச்சினன்.

அவளுடைய வாருபலகை அவன் வாயில் விழுந்தது. பல் தெறித்ததை நான் கூரையிலிருந்து பார்த்தேன். அவன் அரிவாளை ஓங்குமுன் இன்னொருத்தி முழங்காலில் அடித்தாள். பச்சை மட்டை ஒடிகிற சத்தம். கையில் வெட்டுப்பட்டவன் ஓடப் பார்த்துப் பாத்திக்குள் விழுந்தான். திறந்த காயத்தோடு உப்புத்தண்ணீரில் புரண்டான். இரண்டு பெண்கள் அவன் தலையை அதற்குள் அமுக்கித் தூக்கி மறுபடி அமுக்கினார்கள். ஓலைக்காரன் ஓலையைப் போட்டுவிட்டு ஓடினான். தகரங்கள் அவன் முதுகில் போய் விழுந்தன. ஒருத்திக்குத் தோளில் அரிவாள் பட்டிருந்தது. அவள் அது தெரியாமலே அடித்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கி ஓடி சிலிண்டர் திருகை மூடப் போனேன். வலப்பக்கம் திருப்பினால் மூடும் என்று நன்றாகத் தெரிந்த கை இடப்பக்கம் திருப்பிற்று. சீறல் கூடியது. அப்புறம்தான் மூடினேன்.

அண்ணாச்சி வெளியே வந்தார். பாதி முகம் சவரம், பாதி முகம் சோப்பு நுரை. கீழே கிடந்த அரிவாளை வலது கையில் எடுத்துக்கொண்டு மச்சினன் கிடந்த இடத்துக்குப் போனார். அக்கா அவருக்கும் குறுக்கே வாருபலகையை நீட்டினாள்.

"அத அங்கன போடுங்க. ஒங்க ரெண்டு பேரு வெட்டுகுத்துல எங்க தண்ணி போச்சி. இன்னொரு வெட்டு விழுந்துச்சி, ஒங்களுக்கும் இதுதான்."

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்தார். அரிவாள் தானாகக் கையிலிருந்து நழுவியது. ரத்தம் போன மயக்கமாகவும் இருக்கலாம். படியில் சரிந்து உட்கார்ந்தார். "தண்ணி" என்றார். "கையில தண்ணி ஊத்துலே. நல்ல தண்ணி ஊத்து. எரியிது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மிச்சம் இருக்கா, வயர்மேனு?"

இருந்தது. குழாய் ஒரு சாண் உயரத்தில் இருந்ததால் அதற்குக் கீழே ஒரு சாண் தண்ணீர் டிரம்மில் நின்றது. துருவும் சகதியும் கலங்கிய தண்ணீர். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நாற்பது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். டிரம் மூடியைத் திறந்து அக்காவிடம் சொம்பைக் கொடுத்தேன். அண்ணாச்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தொட்டிமேல் அந்தக் கையை நீட்டிவைத்து, சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்தேன். வெட்டுப்பட்டபோது கத்தாத மனிதர் அப்போது கத்திய கத்தலில் வெளியே பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். இரண்டு மடக்கு ஆளுக்கு. அக்கா கடைசி மடக்கை மச்சினன் வாயில் ஊற்றினாள். "குடிச்சித் தொலை. செத்து எங்க தலையில ஏறாத."

ஒரு உப்பு லாரியை மறித்துத்தான் இருவரையும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாக்குமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். அண்ணாச்சி தகரம் கிழித்துவிட்டது என்றார். மச்சினன் லாரியிலிருந்து விழுந்தேன் என்றான். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டவர்கள் நம்பவில்லை. திரும்பவும் கேட்கவில்லை.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். இடது கையில் மூன்று விரல். உப்புத்தண்ணீர் ஊற்றியதால்தான் சீழ் வைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்களாம். ஆறு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை; அடிக்கவும் இல்லை. மச்சினன் ஒரு காலை இழுத்து நடந்தான். இரண்டு பக்கமும் ஆள் நொண்டியானபின் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து மதகை இரண்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். டிரைவரைப் பின்னால் ஒருநாள் துறைமுக வாசலில் லாரி ஓட்டுகிறவராகப் பார்த்தேன். அவர் கோணல் மூக்கை விரலால் தொட்டுக் காட்டினார்.

வண்டியை அதன்பின் யாரும் ஓட்டவில்லை. டயர் கிழிந்த இடத்திலேயே நின்றது. அண்ணாச்சி கட்டில், அடுப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஆள் அனுப்பினார். சிலிண்டரை நானே தூக்கிக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு, கையை மூன்று தடவை கழுவினேன். டிரம்கள் இரண்டிலும் நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். மாட்டுவண்டியில் தண்ணீர் வந்தது. குழாயை இந்தத் தடவை டிரம்மின் அடியோடு ஒட்டி வைக்கச் சொன்னாள் அக்கா. "சகதி வரும்க்கா" என்றேன். "வரட்டும். ஒரு சாண் தண்ணிய எதுக்கு உள்ள வைக்க?" என்றாள்.

ஹாரனையும் ஒரு பேட்டரியையும் மட்டும் விட்டுவைத்தோம். பேட்டரியைச் சார்ஜ் செய்ய வாரம் ஒருமுறை சைக்கிளில் கட்டித் தூக்கிப்போவது என் வேலையாக இருந்தது. சுவிட்சை இணைத்து, சரியாக அடிக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்துமுன் குனிந்து தரையை மோந்து பார்ப்பேன். பிறகு வரப்பில் கேட்கும்படி, "சோதன அடி, யாரும் வராதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு அழுத்துவேன்.

எல்லாரும் வருவார்கள்.